மேட்டு மண்

புதுச்சேரிக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் வரலாற்றைக் கனமான புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், கெட்டி அட்டை. வெள்ளைக்கார சாமிமார்கள் புதுச்சேரிக் கரையில் கப்பலை விட்டு இறங்கியது, வந்தவர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் செத்தது, மீதிப் பேர் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஞானஸ்நானம் கொடுத்தது, எந்த மேற்றிராணியார் காலத்தில் எந்தக் கோயிலுக்குப் பிரான்சு தேசத்து மணி வந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் தாடி வைத்த படங்கள். மரக்காணத்துக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிக் கிடக்கிற ராயப்பன்மேட்டுக்கும் கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். கோயிலைக் கட்டிய சாமியார் கல்லறைத் தோட்டத்துக்கு வண்டி வண்டியாகச் செம்மண் அடித்து மேடாக்கினார், சுற்றுச்சுவர் எழுப்பினார் என்று எழுதியிருக்கிறது. சுற்றுச்சுவர் சரி. நடுச்சுவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் குழி வெட்டிய சின்னப்பனைப் பற்றியும் கிடையாது. புத்தகம் போட்டவர்களுக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். நாம் சொல்லிவிடுவோம்.

சின்னப்பனை யாரும் குழிவெட்டியாக நியமிக்கவில்லை. அவருடைய அப்பா வெட்டினார். அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கடப்பாரை மகன் கைக்கு வந்தது. சாவு விழாத நாட்களில் உப்பளத்தில் வேலை. அறுபதைத் தாண்டிய பிறகும் மேலத்தெருவில் முளைத்து மூன்று இலை விடாத பயல்கள் அவரை 'டேய் சின்னப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். வேறு என்ன செய்வார்?

கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். மேற்குப் பாதி மேடு, செம்மண். மேலத்தெருக்காரர்களுக்கு உரியது. கிழக்குப் பாதி சரிந்து இறங்கி உப்பளத்து வரப்பில் போய் முட்டும். அது காலனிக்காரர்களுக்கு. இரண்டுக்கும் நடுவே ஆள் உயரச் சுவர், அதில் ஒரு சின்னக் கதவு. குழிவெட்டி அந்தக் கதவு வழியாக மேட்டுக்குப் போகலாம், வெட்டலாம், மூடலாம், திரும்பி வரலாம். அங்கே படுக்க மட்டும் கூடாது. ஞாயிறுதோறும் ஒரே கிண்ணத்திலிருந்து நற்கருணை வாங்குகிற ஜனங்கள்தான் இவர்கள். செத்த பிறகுதான் ஒட்டாது.

சுவரை விடப் பெரிய சங்கதி ஒன்று மண்ணில் இருந்தது. மேட்டில் புதைத்த உடம்பைச் சில வருஷங்களில் மண் சாப்பிட்டு முடித்துவிடும். பழைய குழியைத் திறந்தால் உலர்ந்த எலும்புதான் இருக்கும். சின்னப்பன் அதைப் பொறுக்கி மூலையிலிருந்த எலும்புக் கிணற்றில் போட்டுவிட்டு, அதே குழியில் அடுத்த ஆளுக்கு இடம் பண்ணுவார். பள்ளத்தில் அப்படி இல்லை. முழங்கால் ஆழம் வெட்டினாலே அடியில் நீர் கசியும். கழுவெளி ஏரித் தண்ணீரும் உப்புப் பாத்தித் தண்ணீரும் சேர்ந்து ஊறின தண்ணீர், உப்பு உப்பாக இருக்கும். குழி வெட்டும்போது மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது அவருடைய அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். மேட்டு மண்ணுக்கு ருசியே இல்லை. பள்ளத்து மண் கரிக்கும். அந்த மண்ணில் புதைத்த உடம்பு மக்குவதில்லை. காலனியில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பழைய குழியைத் தோண்டுவதும் இல்லை.

சின்னப்பனின் மனைவி பிரகாசி கிளியனூர்ப் பக்கத்துப் பெண். செம்மண் காட்டில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு உப்பளத்தில் இறங்கினாள், பாத்தியில் உப்பு வாரியே காலம் போனது. ஒரே ஒரு பெண் பிறந்தது. செலினா என்று பேர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டது. அப்பனே குழி வெட்டி, அப்பனே மூடினார். பள்ளத்தில்தான்.

வருஷங்கள் கழித்து ஒரு கிழவருக்காக அந்தக் குழிக்குப் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தபோது ஈரமண் சரிந்தது. பெட்டியின் பலகை பெயர்ந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பிரகாசி தூக்குவாளியில் கூழ் கொண்டுவந்தாள். சின்னப்பன் ஓடிப்போய் மறைப்பதற்குள் பார்த்துவிட்டாள். ஒரு சின்னக் கை. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல். நேற்றுத்தான் தூங்கப் போன பிள்ளையின் கை மாதிரி இருந்தது.

பிரகாசி தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பொழுது சாய்ந்து சின்னப்பன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"ஏங்க, சாம்பல் புதனுக்குச் சாமியாரு நெத்தியில சாம்பல் வெச்சி இன்னா சொல்றாரு?"

"மண்ணா இருக்கற, மண்ணுக்கே திரும்பிப் போவேன்னு."

"நம்ம புள்ளைக்கு மட்டும் அந்த வாக்கு இல்லியா? அது பாட்டுக்கு அப்படியே கெடக்குதே. வெதை மக்குனாத்தான மொளைக்கும்? மக்காத புள்ளைய கடவுள் எப்படி எழுப்புவாரு?"

இதற்குப் பதில் எந்தச் சாமியாரிடமாவது இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

"நான் இத்தினி நாளா உப்புலயே நிக்கறேன்," என்றாள் அவள். "செத்தப்புறமும் உப்புல ஊறவெக்காதீங்க. என்னை மண்ணாக வுடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

சரி என்று சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். மேட்டில் இடம் கேட்க முடியாது. கேட்டால் தலை தப்பாது. அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. குழி வெட்டி, பெட்டியை இறக்கி, மண்ணைத் தள்ளி மூடினால் எப்போதும் கொஞ்சம் மண் மிஞ்சும். பெட்டி அடைத்த இடத்து மண் அது. மேட்டில் மிஞ்சுகிற செம்மண்ணை அதுவரை வேலி ஓரம் கொட்டிக்கொண்டிருந்தார். இனிமேல் கூடையில் அள்ளிக் கதவு வழியாகப் பள்ளத்துக்குக் கொண்டுபோனார். செலினாவின் குழிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை ஆழமாகத் தோண்டி, கரிக்கிற மண்ணை வரப்பில் எறிந்துவிட்டு, செம்மண்ணால் நிரப்ப ஆரம்பித்தார். மேலத்தெருவில் சாவு விழுந்தால் பிரகாசிக்கு இரண்டு கூடை மண். யாரும் தடுக்கவில்லை. மேலத்தெரு மண் கீழே போவதில் யாருக்கும் தீட்டு இல்லை.

இப்படியே எத்தனையோ வருஷம். மேலத்தெருவில் செத்தவர்களின் பேரையெல்லாம் சொல்லி, இன்னார் கொடுத்த மண், இன்னார் கொடுத்த மண் என்று பிரகாசி கேலி பண்ணுவாள். "சவரிநாதன் அப்பாரு தாராளம். பெரிய ஒடம்பு, மூணு கூடை குடுத்துட்டாரு." புருஷனும் பெண்சாதியும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். கொரோனா வந்த வருஷம் மண் குவிந்தது. அப்போது சிரிக்கவில்லை.

கொரோனா அடங்கிய பிறகு பிரகாசிக்குச் சிறுநீரகம் கெட்டது. புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அலைந்து, ஒரு வெயில் காலத்தில் போய்ச் சேர்ந்தாள். கடைசியாகப் பேசியபோதும் மண்ணைத்தான் கேட்டாள். சின்னப்பன் அவளுக்கென்று சேர்த்த செம்மண்ணுக்குள்ளேயே குழி வெட்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தார். ருசி இல்லை. நிம்மதியாக மூடினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தார், பாவம்.

ஃபெஞ்சல் புயலில் நடுச்சுவர் விழுந்தது. பள்ளத்துக் கல்லறைகள் பல நாள் தண்ணீருக்கடியில் கிடந்தன. மரச்சிலுவைகள் பிடுங்கிக்கொண்டு உப்பளத்தில் மிதந்தன. அப்போது பங்குச் சாமியாராக இருந்தவர் ஆரோக்கியராஜ். இளவயசு, கண்ணாடி போட்டவர், பைக்கில் சுற்றுகிறவர். அவர் எழுதிய கடிதத்துக்குப் பேராயர் இல்லத்திலிருந்து பதில் வந்தது: நடுச்சுவரை மறுபடி கட்டக் கூடாது, கல்லறைத் தோட்டம் அனைவருக்கும் பொது. சாமியார் அதைப் பூசையில் வாசித்தார். காலனி ஜனம் கை தட்டியது. மேலத்தெரு ஜனம் கூரையைப் பார்த்தது.

கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைக்குத் தலைவர் சவரிநாதன், உப்பளக் குத்தகைக்காரர். அவர் சண்டை போடவில்லை. இனிக்க இனிக்கப் பேசினார்.

"சுவர் வேணாம்னா வேணாம் சாமி. மேலிடத்து உத்தரவு. ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குது இல்ல? எடுத்ததும் எல்லாம் மாறிடாது. மொதல்ல பழைய எலும்பெல்லாம் இந்தப் பக்கம் வரட்டும். எலும்புக்கு இன்னா இருக்குது, எல்லாம் ஒண்ணுதான். புதுப் பொணம் பத்தி அப்புறமா பேசிக்கலாம்."

எலும்பு வரலாம், உடம்பு வரக் கூடாது. அதுதான் முடிவு. பள்ளத்தில் எலும்பே கிடையாது என்று காலனியில் ஒருவராவது எழுந்து சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. சின்னப்பன் மட்டும் மறுநாள் சாமியாரிடம் போய் நின்றார். தன் பெண்சாதி செம்மண்ணில் கிடக்கிறாள், இத்தனை நாளில் எலும்பாகியிருப்பாள், அவளை முதலில் எடுத்து மேட்டில் தனிக் குழியில் வைக்க வேண்டும் என்று கேட்டார். புயல் தண்ணீர் அவள் மேல் நின்றது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. சாமியார் ஒப்புக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலையில் திறந்தார்கள். எலும்புதானா என்று பார்க்கச் சவரிநாதன் வந்திருந்தார். அவர் அத்தை ஞானசவுந்தரி செபமாலையோடு வந்திருந்தாள். காலனி முழுக்கச் சுற்றி நின்றது. சின்னப்பன் வெட்டினார். மேலே செம்மண் செம்மண்ணாகவே இருந்தது. இடுப்பளவு இறங்கியதும் நிறம் மாறியது. சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று வந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தவர் துப்பிவிட்டு, மறுபடி ஒரு சிட்டிகை எடுத்து வைத்துப் பார்த்தார். அடியிலிருந்து ஏறியிருக்கிறது. இத்தனை வருஷம் சுமந்த கூடைகளுக்கு அடியில் உப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

மூடியைத் தூக்கினார். பிரகாசி அப்படியே இருந்தாள். முகம் கொஞ்சம் ஒட்டிக் கறுத்திருந்தது, அவ்வளவுதான். கட்டிவிட்ட நீலப் புடவை, விரல்களுக்கு நடுவே சிலுவை, நெற்றிக்கு மேலே நரைத்த முடி. குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார் சின்னப்பன். மன்னிச்சிரு பிரகாசி, மன்னிச்சிரு என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மேலே ஞானசவுந்தரி முழங்கால் போட்டுவிட்டாள்.

"மாதாவே! அழியாத ஒடம்பு! புனிதைங்க! இவ புனிதை!"

கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வர ஆரம்பித்தது. சனிக்கிழமைதோறும் கோயில் கூட்டினாளே. யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லையே. தவக்காலம் பூரா ஒருவேளைச் சோறுதானே தின்றாள். அவளுக்கு எப்போதுமே ஒருவேளைச் சோறுதான் என்பதை யாரும் சொல்லவில்லை. அவள் உயிரோடிருந்தபோது தண்ணீர்ச் செம்பை எட்டி வைத்துக் கொடுத்த பெண்பிள்ளைகள் குழிக்குள் எட்டி அவள் புடவை நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மற்ற ஊர்க்காரனாக இருந்தால் பயந்து ஓடியிருப்பான். புனிதர்களின் அழியாத உடம்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஜனத்துக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. காலனிக்காரர்களுக்கு உண்மை தெரியும்தான். தெரிந்தும் அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. நம்ம பிரகாசி! இனிமேல் எவன் சுவர் கட்டுவான், பார்த்துவிடலாம்! பெட்டியைக் கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மேலத்தெரு ஆளும் காலனி ஆளும் ஒரே பெட்டிக்குத் தோள் கொடுத்தது ராயப்பன்மேட்டில் அதுதான் முதல் தடவை.

சவரிநாதன் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர். வேளாங்கண்ணி மாதிரி இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒரு பேர் வருமே என்று பார்த்தார். "கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லிடலாம் சாமி. கோவாவுல ஒரு புனிதர் ஒடம்ப வெச்சிருக்கறாங்களே, அந்த மாதிரி. ஜனங்க வந்து பாக்கட்டும்."

சின்னப்பன் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண்ணாடிப் பெட்டி என்றதும் முன்னால் வந்தார். அவர் அத்தனை பேர் நடுவே பேசியதை அதற்கு முன்பு யாரும் கேட்டதில்லை.

"அதெல்லாம் வேணாங்க. அவ என் பொண்டாட்டி. மண்ணுல வெக்கணும்னு சொல்லிட்டுச் செத்தா. மேட்டு மண்ணுல வெய்யிங்க, அப்புறம் நீங்க புனிதைன்னு கும்பிடுங்க, இன்னா வேணா பண்ணுங்க. மண்ணுல வெக்கலன்னா நான் இப்பவே அவளத் தூக்கினு போயிடுவேன்."

"ஏம்பா சின்னப்பா, எலும்புதான்னு பேச்சு இருக்குதே?" என்று சவரிநாதன் இழுத்தார்.

ஞானசவுந்தரி அவர் மேல் பாய்ந்தாள். "எலும்பாம் எலும்பு! புனிதைக்குப் போயி உன் சட்டமா? எங்க பக்கத்துல அவ படுக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்டா!"

ஆக, கண்ணாடி இல்லை, மேட்டில் அடக்கம் என்று முடிவானது. சாமியார் சின்னப்பனைப் பீடத்துக்குப் பின்னாலிருந்த திருப்பண்ட அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"சின்னப்பண்ணே, உண்மையச் சொல்லுங்க. அந்த மண்ணுல எல்லாரும் இப்படித்தான் இருக்கறாங்களா?"

சின்னப்பன் சுவரில் சிலுவையோடிருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் அவள் மறுபடியும் உப்புக்குள் போவாள். வாழ்நாளில் பாவசங்கீர்த்தனத்தில்கூடப் பெரிய பாவம் எதுவும் சொல்ல இல்லாதவர் அவர்.

"எனக்கு இன்னா தெரியும் சாமி," என்றார். "நான் வெட்டறவன். தொறந்து பாக்கறவன் இல்ல."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "சுவர் திரும்ப வராம இருக்கணும்னா எனக்கும் இதுதான் வழி," என்று தனக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். "போய்க் குழிய வெட்டுங்க."

எல்லோரும் கோயிலுக்குள் பூசையில் இருந்தபோது சின்னப்பன் மேட்டில் தனியாகக் குழி வெட்டினார். வழக்கத்தை விட ஆழமாக வெட்டினார். மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். எந்த ருசியும் இல்லை. பிறகு பள்ளத்துக்கு இறங்கி, பிரகாசியின் காலிக் குழிக்குப் பக்கத்து மண்ணை விலக்கி, தன் மகளை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பழைய புடவையில் சுற்றி, மார்போடு அணைத்து, மேடேறி வந்தார். ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோதும் இப்படித்தான் அணைத்திருந்தார். குழியின் அடியில் படுக்க வைத்து மேலே செம்மண் பரப்பினார். கொஞ்ச நேரத்தில் பாட்டும் தூபமுமாக வந்தவர்கள் தாயை மகளின் மேல் இறக்கினார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. சின்னப்பன் மூடினார். மிஞ்சிய மண்ணை முதல் தடவையாக எங்கேயும் சுமக்காமல் அங்கேயே மேடு கட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார். சந்தோஷமாக இருந்தார் என்றே சொல்லலாம்.

அந்தக் கல்லறைக்கு முதலில் உப்பைக் கொண்டுவந்தது கொளஞ்சியம்மாள். காலனிக்காரி இல்லை, கிறிஸ்தவப் பெண்ணும் இல்லை. குப்பத்துப் பக்கத்திலிருந்து வந்து பிரகாசியோடு ஒரே பாத்தியில் உப்பு வாரியவள், அவளோடு ஒரு தூக்குவாளியில் கூழ் குடித்தவள். அவள் மகன் ராஜ்கமல் சாராயத்தில் விழுந்து கிடந்தான். எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவர்களோடு சேர்ந்து குடித்துவந்தவன், அன்றைக்கு மட்டும் காசில்லாமல் தப்பியவன். கொளஞ்சியம்மாள் புதுப் பாத்தியில் வாரிய முதல் உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கல்லறை மேல் கொட்டினாள். அந்தோணியார் கோயிலிலும் மாதா கோயிலிலும் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்கிற வழக்கம் அவளுக்கும் உண்டு.

"பிரகாசி, இந்த உப்பு கரையற மாதிரி எம்புள்ள குடி கரைஞ்சி போவணும்டி. நீதான் பாத்துக்கணும்."

சின்னப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் பிரகாசியோடு வேலை செய்தவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவள் போனதும் துண்டில் அள்ளிக்கொண்டு போய் வாய்க்காலில் கொட்டினார்.

ராஜ்கமல் அந்த மாதமே குடியை விட்டான். செத்தவர்களை நினைத்துப் பயந்து விட்டானா, ஈரல் பயமுறுத்தி விட்டானா, யார் கண்டது. கொளஞ்சியம்மாள் ஊர் ஊராகச் சொல்லிவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? வெள்ளிக்கிழமையானால் திண்டிவனம் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் ஜனம் வந்து இறங்கியது. கோட்டக்குப்பத்திலிருந்து முக்காடு போட்ட பெண்கள்கூட வந்தார்கள், வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட புருஷனுக்காக. உப்பளத்து ஊர் அம்மா, அதனால் உப்புத்தான் காணிக்கை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கோயில் வாசலில் உப்பும் மிளகும் பாக்கெட் போட்டு விற்கிற கடைகள் முளைத்தன. பேராயர் இல்லத்திலிருந்து, விசாரணை முடியும்வரை வணக்கம் எதுவும் செலுத்தக் கூடாது என்று கடிதம் வந்தது. சாமியார் அதையும் வாசித்தார். ஜனம் கேட்டுவிட்டு வரிசையில் போய் நின்றது.

சின்னப்பன் விடிந்ததும் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை உப்பை வழித்து எடுப்பார். மழை வருவதற்குள் எடுத்துவிட்டால் போதும் என்று கணக்கு. சவரிநாதனுக்கு இது பொறுக்கவில்லை.

"டேய் சின்னப்பா, ஜனங்க போட்ட காணிக்கையக் கொண்டுபோயி வாய்க்கால்ல கொட்டறியாமே? அவங்க போட்டது கரையணும்டா. நீ அள்ளிட்டா அவங்க வேண்டுதல் இன்னாத்துக்கு ஆவும்? இனிமே கை வெக்காத, சொல்லிட்டேன்."

கல்லறையைச் சுற்றிக் கம்பிக் கிராதி போட்டுப் பூட்டினார்கள். அதற்கு மேல் சின்னப்பனால் தாங்க முடியவில்லை. சாமியாரிடம் போனார்.

"சாமி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அது உப்பு செஞ்ச வேலை. பள்ளத்துல எல்லாரும் அப்படித்தான் கெடக்கறாங்க. அவ புனிதையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உப்பு போடறத நிறுத்தச் சொல்லுங்க. அவ மண்ணாவணும் சாமி."

ஆரோக்கியராஜ் சாமியார் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த வருஷத்துக்குள் அவருக்கும் தாடை ஒட்டிப் போயிருந்தது.

"எனக்குத் தெரியும்ணே. நான் இத பூசையில சொல்றேன், நாளைக்கே சொல்றேன். சொன்னா சவரிநாதன் இன்னா பண்ணுவாருன்னு உங்களுக்கே தெரியும். புனிதை இல்லன்னா பிரகாசியம்மா வெறும் காலனி ஒடம்பு. எலும்புதான் இந்தப் பக்கம்னு தீர்மானம் இன்னும் அப்படியே இருக்குது. தோண்டி எடுத்துப் பள்ளத்துல போட்டுடுவாங்க. கூட சுவரும் வந்துடும். சொல்லட்டுமா?"

குழியைத் தோண்டினால் அடியில் இருக்கிற சின்ன மூட்டையும் வெளியே வரும். சின்னப்பன் வாசல்படியில் இறங்கினார்.

"வேணாம் சாமி," என்றார்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஐப்பசி மாதம், வானம் இருட்டிக்கொண்டு நின்றது. ராயப்பன்மேடு அப்படியொரு கூட்டத்தைக் கண்டதில்லை. மேடு பூரா மெழுகுவர்த்தியும் சாமந்தியும். பிரகாசியின் கல்லறை மேல் உப்பு இடுப்பளவு குவிந்து, கிராதிக்கு வெளியே சரிந்து கிடந்தது. சின்னப்பன் உப்பளத்தில் குவியலை மூடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்து போர்த்திப் பார்த்தார். மேலத்தெருப் பையன்கள் அதைச் சுருட்டி அப்பால் எறிந்தார்கள். "ஓரமா நில்லு பெருசு, ஜனங்க போட வழி வுடு," என்றார்கள். திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். புனிதையின் புருஷன் என்று இப்போது அவருக்கு ஒரு மரியாதை வந்திருந்தது.

மத்தியானம் மழை பிடித்தது. ஒருவரும் ஒதுங்கவில்லை. மெழுகுவர்த்தியெல்லாம் அணைந்தும் நனைந்துகொண்டே நின்றார்கள். வெள்ளைக் குவியல் மேலே குழிந்து, ஓரம் சரிந்து, கண் முன்னாலேயே இளைத்தது. "கரையுது, கரையுது!" என்று ஒரு பொம்பளை கத்தினாள். ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது. கடன்பட்டவர்கள், பிள்ளையில்லாதவர்கள், புருஷனிடம் அடிபட்டவர்கள் எல்லோரும் அழுதுகொண்டு, சிரித்துக்கொண்டு, ஞானசவுந்தரியோடு சேர்ந்து மாதா பிரார்த்தனை சொன்னார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் போட்டது கரைந்தது, அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

சின்னப்பன் கிராதிக்கு வெளியே முழங்கால் போட்டு, கம்பிகளுக்கு நடுவே இரண்டு கையையும் விட்டு உப்பை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க விரலிடுக்கில் தண்ணீராக ஓடியது. பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் மகளிடம், "அவருதான்டி அந்தம்மா ஊட்டுக்காரரு, எவ்ளோ பக்தி பாரு," என்றாள்.

மழை விட்டுக் கூட்டம் கலைந்தபோது குவியல் இருந்த இடத்தில் கொஞ்சம் மிளகு மட்டும் கிடந்தது. சின்னப்பன் கம்பிக்குள் கையை விட்டு, மிளகைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு சிட்டிகைச் செம்மண் எடுத்தார். நாக்கில் வைத்தார்.

கரித்தது.